கால்தூக்கி நாற்காலி

சுதந்திரம் கிடைத்து எட்டு வருஷமாகியும் இலங்கை முன்னேறாமல் கிடப்பதற்கு ஒரே காரணம், இந்த நாட்டு ஜனங்களுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாததுதான். இதைச் சொன்னவர் அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள கல்லுமலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் யேசுரட்ணம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்கு எதையும் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மழை பெய்கிறது என்பதைக்கூடக் கோட்டின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் சொல்வார்.

"மந்திரி மாறுறான், கட்சி மாறுது, எல்லாஞ் சரி. உக்காருறவனுக்கு முதுகெலும்பு எங்க இருக்குன்னே தெரியலையே, அப்புறம் எப்புடிங்க நாடு நிமிரும்?" என்று பெரியகங்காணி நல்லமுத்துவிடம் கேட்பார்.

"அதுவுஞ் சரிதாங்கய்யா" என்பார் நல்லமுத்து. கிளாக்கர் எதைச் சொன்னாலும் அவர் பதில் அதுதான். நாற்காலியே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நாற்காலி விஷயத்தில் யேசுரட்ணத்தின் படிப்பு சாதாரணமானதல்ல. துரை பங்களாவிலிருந்து வீசப்படும் பழைய காகிதங்களோடு கொழும்பு ஏலக்கடைகளின் படம் போட்ட புத்தகங்களும் ஆபீசுக்கு வந்து சேரும். மற்றவர்கள் அவற்றைக் கிழித்து வடை கட்டிவந்தபோது, அவர் இருபது வருஷமாக அவற்றைப் படித்தார். ஆட்டுக்கால் போல வளைந்து பாதத்தில் உருண்டையாக முடிந்தால் அது ஒரு காலம். கடைசல் பிடித்து வளையம் வளையமாக இறங்கினால் அதற்குப் பிந்திய காலம். ஒன்றுமே இல்லாமல் நேராக இறங்கினால் செய்தவனுக்குக் கூலி போதவில்லை. கருங்காலியில் பூவும் கொடியும் செதுக்கியிருந்தால் தெற்கே காலி நகரத்துப் பக்கத்து வேலை. வெயில் பட்டதும் தேன் நிறம் காட்டினால் முதிரை மரம். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரும்பு ஆணியைக் கண்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"ஆணி அடிச்சா அது நாக்காலி இல்லைங்க, பெட்டி. கழுந்து வெட்டித் துளையில எறக்கணும். எறக்கி மர முளையால பூட்டணும். மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, நூறு வருஷங் கழிச்சும் உக்காரும்போது ஒரு முனகல் வரக்கூடாது. அதுதான் வேலை!"

இத்தனை வகை நாற்காலிகளில் ஒன்றிலாவது அவர் உட்கார்ந்ததில்லை என்பது இந்த ஆராய்ச்சிக்கு எந்த வகையிலும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

தோட்டத்தில் நாற்காலி ஒரு சாமானல்ல, அது ஓர் உத்தியோகம். துரைக்குக் கைவைத்த நாற்காலி. சின்னத்துரைக்கும் கைவைத்ததுதான், ஆனால் முதுகு ஒரு சாண் குட்டை. கிளாக்கருக்குக் கையில்லாதது, கை இருந்தால் கிளாக்கரின் கை அதன்மேல் ஓய்ந்து எழுத்து நின்றுபோகும் என்பது சீமையிலுள்ள கம்பெனிக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு வாங்கு, அதாவது பெஞ்சு. பெரியகங்காணிக்கு அந்த வாங்கின் ஓரம். தொழிலாளிகளுக்கு நிற்பதற்கு இரண்டு கால்கள். அவையும் அவர்கள் சொந்தமாகக் கொண்டு வந்தவை.

இந்த வரிசைக்கெல்லாம் உச்சியில், பங்களா விறாந்தையில், பெயர்லி துரையின் கால்தூக்கி நாற்காலி இருந்தது. பெயரை வைத்தவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்கள். பெயரில் பிழையில்லை. முதிரை மரச் சட்டம். தலை வைக்கும் இடத்திலிருந்து முழங்கால் மடியும் இடம்வரை பிரம்புப் பின்னல் ஒரே வளைவாக அருவி மாதிரி இறங்கும். பலகை போல அகன்ற இரண்டு கைகள். வலது கையில் கிளாஸ் வைக்க வட்டமாக ஒரு துளை. ஒவ்வொரு கைக்கும் அடியில் இன்னொரு கை ஒளிந்திருக்கும். விரலால் தள்ளினால், ஒரு மர முளையில் சுழன்று, சத்தமில்லாமல் முன்னால் நீளும். அவற்றின்மேல் இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு துரை படுத்திருப்பார்.

தினமும் சாயந்தரம் ஆபீஸ் முடிந்ததும் யேசுரட்ணம் பங்களாவுக்கு ஏறிப்போய், அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று, அன்றைய கொழுந்து, ஆள்கணக்கு, மழை எல்லாவற்றையும் ஒப்பிப்பார். நிற்கும் இடத்திலிருந்து துரையின் முகம் தெரியாது. உள்ளங்கால்கள் தெரியும். ஆகவே இருபது வருஷமாக அவர் வேலைபார்த்தது துரையின் உள்ளங்கால்களிடம் என்றுதான் சொல்ல வேண்டும். நாளடைவில் அவற்றின் குணம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. வலது பெருவிரல் ஆடினால் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் சாய்ந்தால் தூங்கிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நாளைக்கு யாருக்கோ வேலை போகப்போகிறது.

அவருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஓர் ஆசை. சம்பள உயர்வல்ல, அதை எப்போதோ கைவிட்டுவிட்டார். அந்த நாற்காலியில் ஒருநாள் சாய வேண்டும். இரண்டு காலையும் தூக்கிப் போட வேண்டும். எதிரே ஒருத்தன் நின்று தம்முடைய உள்ளங்கால்களைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். பெரிய மனிதர்களின் ஆசைகள் எப்போதும் எளிமையானவை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாகப் பெரியகங்காணியைக் கேலி செய்வார்.

நல்லமுத்துவின் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. உலக யுத்தத்துக்கு முந்தி சீமைக்குத் திரும்பிப் போன துரையொருவர் விட்டுப்போனது. வட்டமான இருக்கை, அரைவட்ட முதுகு, முதுகில் மூன்று முட்டைவடிவப் பூவேலை, ஆறு கால்கள். பர்கோமாஸ்டர் நாற்காலி, ஒல்லாந்தர் காலத்துச் சாமான், சிங்களத்தில் களுமெதிரிய என்று சொல்லும் வரியோடிய கருமரத்தில் செய்தது என்று யேசுரட்ணம் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். அதில் நல்லமுத்து உட்காருவதில்லை. யாரையும் உட்காரவிடுவதுமில்லை. வெள்ளிக்கிழமை தூபம் காட்டுவார். அவர் உட்காருவது பக்கத்தில் விரித்த சாக்கில்.

"ஏங்க கங்காணியாரே, நாக்காலிக்கு ஆறு கால் இருக்கு. போதாதுன்னு ரெண்டு காலோட நீங்க வேற அதுக்குக் காவலா?"

"தொர இருந்த எடம்ங்கய்யா."

"தொர கப்பலேறி, சீமைக்குப் போயி, செத்தும் போயாச்சு."

"அதுவுஞ் சரிதாங்க. ஆனா உக்காரப் போனா, 'டேய்'னு ஒரு சத்தம் கேக்குதுங்க."

"எங்க கேக்குது?"

நல்லமுத்து யோசித்துவிட்டு இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

யேசுரட்ணம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், பார்த்தவர்களுக்கு அவருக்குப் பல் இருப்பது தெரியவந்தது. "ஒல்லாந்துக்காரன் கவர்னர் உக்காந்த சாமானுக்கு விபூதி பூசி வச்சிருக்காரு மனுசன்! அடிமைப் புத்தி எங்க இருக்குன்னு கேட்டா, இந்தா, இடுப்புல இருக்கு!" என்று ஆபீஸ், பெக்டரி, ஆஸ்பத்திரி என்று மூன்று இடங்களிலும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி பெற்றீசியாவிடமும் சொன்னார். பெற்றீசியா, "நீங்க கோட்டைக் கழட்டிட்டுச் சொல்லுங்க, வேர்க்குது" என்றாள்.

அந்த வருஷம் பெயர்லி துரையும் சீமைக்குப் புறப்பட்டார். புறப்படும் துரைமார் உத்தியோகத்தர்களுக்குப் பங்களாச் சாமானில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பிரியம் என்றும் சொல்லலாம், கப்பல் கூலி மிச்சம் என்றும் சொல்லலாம். ஒரு சாயந்தரம் எல்லாரையும் விறாந்தைக்கு வரச்சொன்னார். வரிசையாக நின்றார்கள். துரை கால்தூக்கி நாற்காலியில் படுத்தபடி, முப்பது வருஷமாகத் தோட்டத்தில் பழகிய தமிழில் ஆணையிட்டார்.

"எல்லா ஆளும் ஒரு சாமான் எடு. எது புடிக்கும், அது எடு. சண்டை போட வாணாம்."

டீமேக்கர் கிராமபோனைக் காட்டினார். கண்டாக்கையா சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். அது ஓடுவதில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்தது யேசுரட்ணத்தின் முறை.

இப்படியொரு இக்கட்டு எந்த ஏலக்கடைப் புத்தகத்திலும் சொல்லப்படவில்லை. அவருக்கு வேண்டிய சாமானின் மேல் துரை படுத்திருந்தார். கேட்டால், எழுந்திரு என்று துரையிடம் சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால், வரப்போகிற புதுத் துரை அதில் படுப்பார். இன்னொரு இருபது வருஷத்துக்கு இன்னொரு ஜோடி உள்ளங்கால்.

மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் தொடங்கினார். முதிரை மரத்தின் பெருமையைச் சொன்னார். பிரம்புப் பின்னலில் ஆறு திசைக்கும் இழை ஓடுவதால் பாரம் எங்கே விழுந்தாலும் எல்லா இழையும் பகிர்ந்துகொள்ளும் என்றார். கைக்கடியில் கையை ஒளித்துவைத்த தச்சனின் மூளையைப் புகழ்ந்தார். துரையின் வலது பெருவிரல் சிறிது நேரம் ஆடியது. பிறகு பாதங்கள் மெல்ல வெளிப்பக்கம் சாயத் தொடங்கின.

பின்னால் நின்ற நல்லமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "தொரைங்களே! கிளாக்கரய்யாவுக்கு நீங்க படுத்திருக்க நாக்காலி வேணுமாங்க!"

பாதங்கள் நிமிர்ந்தன. யேசுரட்ணம் தரையைப் பார்த்தார், தரை பிளக்கிற மாதிரித் தெரியவில்லை. அப்போது நாற்காலிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. துரை வலது காலை எடுத்துக் கீழே வைத்தார். இடது காலை எடுத்துக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். ஒரு கிளாக்கருக்காகத் துரையொருவர் எழுந்தது திம்புள்ளப் பகுதியிலேயே அதுதான் முதல் தடவை என்று யேசுரட்ணம் பிற்பாடு அடித்துச் சொன்னார். மறுப்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

மறுநாள் நாலு ஆட்கள் நாற்காலியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். யேசுரட்ணம் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். குடை நாற்காலிக்கு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலாயி நிமிர்ந்து பார்த்துக் கூடையை இறக்கினாள்.

"யாத்தே, தொர செத்துட்டாரா? பாடை வருதே!"

"பாடை இல்ல புள்ள, கால்தூக்கி நாக்காலி. கிளாக்கரய்யா வீட்டுக்குப் போகுது" என்றான் தூக்கிவந்தவர்களில் ஒருவன்.

"அவரு கால யாரு தூக்கி வைக்கிறது?"

மலை முழுக்கச் சிரிப்பு ஓடியது. யேசுரட்ணத்துக்குக் காது கேட்காமலில்லை. நாகரிகம் ஒரு தேசத்துக்குள் நுழையும்போது முதலில் சிரிப்புத்தான் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

குவாட்டர்ஸின் முன்னறைக்குள் நாற்காலி நுழைந்ததும் மற்றவை எல்லாம் வெளியேற வேண்டியிருந்தது. மேசை சமையலறைக்குப் போனது. தையல் மெஷின் கட்டிலடிக்குப் போனது. அதன் பிறகு திசைப் பிரச்சினை.

"இப்புடிப் போட்டா ஒங்க காலு ரெண்டும் ஏசுநாதர் படத்துக்கு நேரா நீட்டுது" என்றாள் பெற்றீசியா.

திருப்பினார்கள்.

"இப்ப வாசலுக்கு நேரா. வாசல்ல நின்னா மேல பங்களா."

யேசுரட்ணத்துக்குச் சுருக்கென்றது. துரை இன்னும் கப்பலேறவில்லை. அவரே முன்வந்து இன்னும் ஒருமுறை திருப்பினார். கடைசியில் சமையலறையைத் தவிர வேறு திசை மிச்சமில்லை.

"அப்ப எனக்கு நேராத்தான் நீட்டலாம்னு முடிவாயிருச்சு" என்று சொல்லிவிட்டு பெற்றீசியா உள்ளே போனாள்.

அன்றைக்கே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தனியாக உட்காருவதில் என்ன இருக்கிறது? எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும். பெற்றீசியாவைக் கேட்டுப் பார்த்தார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று பதில் வந்தது. ஆகவே நல்லமுத்துவுக்கு ஆளனுப்பினார்.

"சனிக்கிழமை சாயந்தரம் வாங்க கங்காணியாரே. உக்காருறதுன்னா என்னன்னு காட்டுறேன். பாத்துட்டுப் போயி, வீட்ல இருக்க அந்த ஆறுகாலுக்கு விமோசனம் குடுங்க."

"அதுவுஞ் சரிதாங்கய்யா."

சனிக்கிழமை வருவதற்குள் யேசுரட்ணம் நாற்காலியைத் தேன்மெழுகு போட்டுத் துடைத்தார். பிரம்பு காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் ஒற்றினார். மர முளைகளைத் தட்டிப் பார்த்தார், ஒன்றுகூட அசையவில்லை. உட்கார மட்டும் இல்லை. சாட்சியில்லாமல் செய்கிற காரியத்துக்கு மதிப்பில்லை என்று அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

நல்லமுத்து கோட்டும் தலைப்பாகையுமாக வந்து, வழக்கம்போல வாசற்படியோரம் போட்டிருந்த வாங்கில் உட்காரப் போனார். "அங்க இல்ல, உள்ள வாங்க, முன்னால" என்று சமையலறைக் கதவோரம் ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார் யேசுரட்ணம். பெற்றீசியா கதவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றாள்.

"பாருங்க. மொதல்ல நடு இழையில பாரத்த எறக்கணும்."

உட்கார்ந்தார். பஸ்ஸில் அடுத்த ஹோல்ட்டில் இறங்கப்போகிறவர் போல, விளிம்பில்.

"இன்னுங் கொஞ்சம் பின்னால போங்கய்யா. தொர அப்புடி இருக்க மாட்டாரு" என்றார் நல்லமுத்து, உதவி செய்யும் எண்ணத்தில்.

"எனக்குத் தெரியும்!"

பின்னால் நகர்ந்தார். சாய்ந்தார். பிரம்பு முதுகை வாங்கிக்கொண்டது. ஒரு முனகல் இல்லை. இருபது வருஷம் நின்ற முதுகுக்கு, இப்படியும் ஒரு நிலை உலகத்தில் இருந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. கண்ணை மூடலாமா என்றுகூடத் தோன்றியது. விரலால் தள்ளினார். ஒளிந்திருந்த இரண்டு கைகளும் சத்தமில்லாமல் நீண்டன. வலது காலைத் தூக்கிப் போட்டார். இடது காலைத் தூக்கிப் போட்டார். சப்பாத்தில்லாத இரண்டு உள்ளங்கால்களும் கல்லுமலைத் தோட்டத்துப் பெரியகங்காணியை நேருக்கு நேர் பார்த்தன.

பாதங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். முக்காலி காலியாக இருந்தது. நல்லமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகை கக்கத்துக்குப் போயிருந்தது.

"ஏங்க நிக்கிறீங்க?"

"தெரியலைங்கய்யா. ஒங்க காலு ரெண்டும் மேல ஏறுச்சு. நான் தானா எந்திரிச்சிட்டேங்க."

யேசுரட்ணத்தின் நெஞ்சு நிறைந்தது. கேட்காமலே கிடைத்துவிட்டது. வலது பெருவிரலை மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

அந்த விரல் ஆடியதுதான் தாமதம், நல்லமுத்துவுக்கு உடம்பு விறைத்துக் குரல் உயர்ந்தது. "வடக்கு மலையில இன்னைக்குக் கொழுந்து கொறைச்சலுங்க, பனி அடிச்சிருச்சுங்க, தொரைங்களே!"

தொரைங்களே என்ற சொல் காதில் விழுந்ததும் யேசுரட்ணம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் திரும்பி வாசலைப் பார்த்து, நெஞ்சுவரை கையை உயர்த்தி, "குட் ஈவினிங் சார்" என்றார்.

வாசலில் யாருமில்லை. பக்கத்து வீட்டுக் கோழியொன்று படியில் நின்றது. அதுவும் சலாமை ஏற்காமல் போய்விட்டது.

தச்சனின் மூளையைப் பற்றி யேசுரட்ணம் முன்பு சொன்னதெல்லாம் உண்மை. நாற்காலியின் நீண்டிருந்த இடது கை முளையில் அழகாகச் சுழன்று வந்து, அவருடைய முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது.

கதவுக்குப் பின்னால் அகப்பை விழுந்தது. பெற்றீசியா சிரித்தாளா என்பதை யேசுரட்ணம் பார்க்க விரும்பவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மேல்பொத்தானைத் தேடினார். அது போட்டபடியேதான் இருந்தது.

"தொர வந்துட்டாருன்னு நெனச்சீங்களாங்கய்யா?" என்று நல்லமுத்து கேட்டார். அதில் கேலி துளிகூட இல்லை.

"சீ, இல்ல. கால் மரத்துப்போச்சு. அதான் எந்திரிச்சேன்."

"அதுவுஞ் சரிதாங்க." தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே நாற்காலியைப் பார்த்தார். "நல்ல நாக்காலிதாங்க. நமக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்குது. வரட்டுங்களா?"

நமக்கு என்று அவர் சொன்னதை யேசுரட்ணம் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

அவர் போன பிறகு பெற்றீசியா விளக்கேற்றி வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு வந்தாள்.

"அதுலயே சாஞ்சுக்கிட்டு சாப்புடுங்களேன். கிளாஸ் வைக்கக்கூட ஓட்டை வச்சிருக்கான்."

"சோறு சிந்தும். பிரம்பு கெட்டுப்போகும்."

"அப்ப மேசைக்கு வாங்க."

"இங்கயே சாப்பிடுறேன். நீ போ."

பெற்றீசியா ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பாயைச் சுவரோரம் விரித்துவிட்டு உள்ளே போனாள். யேசுரட்ணம் நாற்காலிக்கு முன்னால் குறுக்கே போகாமல், பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பாய்க்கு வந்தார். உட்கார்ந்தார். அடிபட்ட முழங்கால் நீட்டச் சொல்லி விண்ணென்று தெறித்தது. நீட்டினால் உள்ளங்கால் நாற்காலியைப் பார்க்கும்.

மடக்கி வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்தார்.